விஎம்முக்குள் லினக்ஸ்: எக்ஸ்11-ஆ வேலேண்டா என்று கேட்பதற்கு முன்

"அண்ணா, விஎம்ல எக்ஸ்11 போடவா, வேலேண்ட் போடவா?"

பயிற்சிக் கூடம் ஒன்றில் லினக்ஸ் வகுப்பு எடுக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. விஎம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது மெய்நிகர் கணினி. எக்ஸ்11, வேலேண்ட் இரண்டும் லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் இரண்டு ஏற்பாடுகள் (டிஸ்ப்ளே சர்வர்). இருபது கணினிகள். ஒவ்வொன்றிலும் நான்கு கோர், 8 ஜிபி ரேம், இன்டெல்லின் உள்கட்டு கிராஃபிக்ஸ். ஹோஸ்டும், அதாவது விஎம்மைத் தாங்கும் கணினியும், லினக்ஸ்தான். லினக்ஸ் கெர்னலில் உள்ள விஎம் வசதியான கேவிஎம் மேல், விஎம்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் வைத்து மாணவர்களுக்கு ஆளுக்கொரு விஎம் கொடுத்திருந்தார். யாராவது எதையாவது உடைத்தால் அந்த விஎம்மை அழித்துவிட்டு அடுத்த நிமிடமே புதிதாக ஒன்றைக் கொடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்டோவைப் பிடித்து இழுத்தால் அது மவுஸுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது, வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடம் இருபது விசிறிகளும் ஒன்றாக இரைகின்றன என்றார்.

"உள்ள என்ன கார்டு குடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கார்டா? டீஃபால்ட்ல என்ன இருந்துச்சோ அதான் அண்ணா."

முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். விஎம்முக்குள் எக்ஸ்11-ஐயும் வேலேண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் அனுபவம். இரண்டுக்கும் கீழே ஒரு மெய்நிகர் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அந்தக் கார்டுக்கு முப்பரிமாண வேலை தெரியுமா தெரியாதா என்பதைப் பொறுத்துத்தான் மேலே எது ஓடும், எது திணறும் என்பதெல்லாம் அமையும். அதனால் கார்டிலிருந்து தொடங்குகிறேன்.

கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்மில் ஓடும் லினக்ஸுக்குள், டெர்மினலைத் திறந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். வரும் பதிலில் 'ஓபன்ஜிஎல் ரெண்டரர்' என்று தொடங்கும் வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 256 பிட்ஸ். நோய் தெரிந்துவிட்டது. ஓபன்ஜிஎல் என்பது நிரல்கள் கார்டிடம் வரையச் சொல்லும் இடைமுகம், மேசா லினக்ஸில் அதை நிறைவேற்றும் நூலகம், ரெண்டரர் என்பது படத்தை வரையும் பகுதி. எல்எல்விஎம்பைப் மேசாவில் உள்ள மென்பொருள் ரெண்டரர். கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையை சிபியுவை வைத்தே செய்கிறது. அந்த 256 என்பது சிபியு ஒரே அடியில் கையாளும் வெக்டரின் அகலம். அடுத்து, எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால், டெஸ்க்டாப்பை வரையும் க்னோம் ஷெல் ஒன்றே ஒன்றரை கோருக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. மாணவர் எழுதிய பைத்தான் நிரல் ஒரு மூலையில் தன் முறைக்குக் காத்திருந்தது.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 1920-க்கு 1080 திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் (திரையின் ஒரு முழுப் படம்) ஏறக்குறைய 8.3 எம்பி. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி. இது வெறும் நகர்த்தல் மட்டும். நிழல், ஒளிபுகும் ஓரம், அசைவு எல்லாவற்றையும் கணக்கிடும் வேலை தனி. அப்புறம் கெஸ்ட் வரைந்ததை மெய்நிகர் கார்டின் நினைவகத்துக்கு ஒரு முறை நகலெடுக்க வேண்டும், ஹோஸ்ட் அதை எடுத்துத் தன் திரையில் காட்ட இன்னொரு முறை. 4கே திரை என்றால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கார்டுகளுக்கு வருவோம். கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மின் மெய்நிகர் கருவிகளை உருவாக்கும் கியூஎமுவில் பழைய கார்டு சிரஸ். 90களில் வந்த சிரஸ் லாஜிக் சிப்பின் போலி. 4 எம்பி நினைவகம்தான். 1024-க்கு 768 திரையின் ஒரு ஃபிரேமே 32 பிட்டில் 3 எம்பி ஆகிவிடும், இரண்டாவது ஃபிரேமுக்கு அதில் இடமே இல்லை. 2014-இல் கியூஎமு 2.2 வந்தபோதே டீஃபால்ட்டை இதிலிருந்து மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுரை எதையாவது பார்த்து இதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அதற்கு மாற்றாக வந்த ஸ்டாண்டர்ட் விஜிஏ எளிமையானது, எங்கும் ஓடும், கணினி தொடங்கும் யுஇஎஃப்ஐ கட்டத்திலிருந்தே திரை தெரியும். ஆனால் அது வெறும் ஃபிரேம் பஃபர். வரைந்ததைக் காட்டும், தானாக எதையும் வரையாது. சர்வர் கெஸ்ட்டுக்கு இது போதும்.

கியூஎக்ஸ்எல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் பலர் அதைப் பழக்கத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். விஎம்மின் திரையைப் பிணையம் வழியாகக் காட்டும் ஸ்பைஸ் நெறிமுறையோடு பிறந்தது இது. கும்ரானெட் என்ற நிறுவனம் உருவாக்கியது, 2008-இல் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை வாங்கியது, அடுத்த ஆண்டு ஸ்பைஸைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அன்றைக்கு அது அருமையான யோசனை. 'இந்தச் சதுரத்தை நிரப்பு', 'இந்தப் பகுதியை அங்கே நகலெடு', 'இந்த எழுத்தை வை' என்று கெஸ்ட் சொல்லும் இருபரிமாணக் கட்டளைகளைப் பிக்சலாக மாற்றாமல் அப்படியே பிணையம் வழியாக அனுப்பி, பார்ப்பவர் பக்கத்தில் வரைந்துகொள்ளலாம். எக்ஸ் சர்வரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது, அதனால் இரண்டும் நன்றாகப் பொருந்தின. பிறகு நிரல்களின் பட்டன், மெனுக்களை அமைத்துத் தரும் ஜிடிகே, க்யூடி நூலகங்கள் மாறின. பட்டனையும் எழுத்தையும் அவை தாங்களே ஒரு படமாக வரைந்து முழுப் படத்தைக் கையில் கொடுக்க ஆரம்பித்தன. கோடு போடு, எழுத்து வை என்று சொல்ல ஆளே இல்லாமல் போனதும் கியூஎக்ஸ்எல்லின் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலேண்டில் அந்த மாதிரிக் கட்டளைகள் நெறிமுறையிலேயே கிடையாது. அங்கே கியூஎக்ஸ்எல் இன்னொரு ஃபிரேம் பஃபர்தான். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் ஸ்பைஸையே எடுத்துவிட்டார்கள். கியூஎக்ஸ்எல் நல்ல கருவி, அதன் காலம் முடிந்தது.

இன்று கேவிஎம்மில் லினக்ஸ் கெஸ்ட் என்றால் விர்ட்ஐஓ-ஜிபியுதான் என் தேர்வு. கெர்னல் 4.2 முதல் (2015) இதன் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். எந்த உண்மையான சிப்பையும் பார்த்துப் போலி செய்யாமல் மெய்நிகர் உலகுக்காகவே புதிதாக வடிவமைத்தது என்பதால் திரையில் மாறிய பகுதியை மட்டும் ஹோஸ்டுக்கு அனுப்பத் தெரியும். ஆனால் இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. விர்ட்ஐஓவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முப்பரிமாணமும் வந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விர்ட்-மேனேஜரில் அது டீஃபால்ட்டாக அணைந்தே இருக்கும். தம்பியின் இருபது விஎம்களிலும் நடந்தது இதுதான். கார்டு சரி, ஆனால் டிக் போடவில்லை.

டிக் போட்டால் என்ன நடக்கிறது? டேவ் ஏர்லி தொடங்கிய விர்ஜிஎல் என்ற பாதை திறக்கிறது. கெஸ்ட்டில் உள்ள மேசா, ஓபன்ஜிஎல் அழைப்புகளைத் தன் உள்மொழியில் ஒரு கட்டளைத் தொடராக மாற்றி ஹோஸ்டுக்கு அனுப்புகிறது. ஹோஸ்டில் விர்ஜிஎல்ரெண்டரர் அதைப் பிரித்து, ஷேடர்கள் எனும், கார்டில் ஓடும் சிறு நிரல்களை மறுபடி மொழிமாற்றி, உண்மையான கார்டிடம் கொடுக்கிறது. நடுவில் இரண்டு மொழிமாற்றம் நடப்பதால் கனமான விளையாட்டுகளுக்கு வேகம் போதாது. டெஸ்க்டாப், உலாவி, வீடியோ, சாதாரண முப்பரிமாண நிரல்களுக்குத் தாராளம். கியூஎமு 9.2-இல் (2024 டிசம்பர்) வீனஸ் வந்தது. அது ஓபன்ஜிஎல்லுக்கு அடுத்த தலைமுறை இடைமுகமான வல்கனின் அழைப்புகளைப் பெரிதாக மாற்றாமல் ஹோஸ்டின் டிரைவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வல்கன் நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. வகுப்பறைக்கு இன்னும் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முப்பரிமாணத்தைத் திறந்துவிட்டால் கெஸ்ட் அனுப்பும் கட்டளைகளை ஹோஸ்டில் உள்ள ஒரு நூலகம் உட்கார்ந்து படிக்கிறது. வைரஸ் ஆராய்ச்சிக்கோ, எங்கிருந்தோ எடுத்த ஐஎஸ்ஓ வட்டுக் கோப்பைச் சோதிப்பதற்கோ வைத்திருக்கும் விஎம்மில் இதைத் திறக்காதீர்கள். அங்கே மந்தமான திரையே பாதுகாப்பு.

விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இத்தனை தேர்வு இல்லை, அது நல்லதும்கூட. 6.0 முதல் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎம்எஸ்விஜிஏ என்ற கார்டு டீஃபால்ட், அதை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது வீடியோ நினைவகம். லினக்ஸ் கெஸ்ட்டுக்கு 16 எம்பிதான் வைத்துக் கொடுக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி 1080 திரையின் இரண்டு ஃபிரேமுக்கே அது முடிந்துவிடும். 128-க்கு ஏற்றிவிட்டு 3டி டிக்கைப் போட்டுப் பாருங்கள். சில ஹோஸ்டுகளில் அருமையாக இருக்கும், சிலவற்றில் திரை கறுத்துப்போகும் அல்லது விண்டோக்கள் கிழிந்து தெரியும். அப்படி ஆனால் டிக்கை எடுத்துவிட்டு இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறுவதுதான் வழி, மல்லுக்கட்ட வேண்டாம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனின் முப்பரிமாணம் விண்டோஸ் ஹோஸ்டில் இதைவிட நிதானமானது, அதன் கெஸ்ட் டிரைவரும் கெர்னலிலும் மேசாவிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024 நவம்பர் முதல் அது எல்லோருக்கும் இலவசம். விண்டோஸ் கணினியில் க்னோமோ பிளாஸ்மா டெஸ்க்டாப்போ ஓட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இப்போது மேல்மாடிக்கு, அதாவது கார்டின் மேல் ஓடும் எக்ஸ்11-க்கும் வேலேண்டுக்கும், வரலாம்.

எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது, அதன் பதினோராவது பதிப்பு 1987. வேலேண்டை 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார். 'எக்ஸ்11 பழசு, அதனால் விஎம்முக்கு இலகு. வேலேண்ட் புதுசு, அதனால் கனம்' என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. க்னோமை எக்ஸ்11-இல் ஓட்டினாலும், எல்லா விண்டோக்களையும் ஒரே படமாகச் சேர்க்கும் அதன் காம்பாசிட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் ஓபன்ஜிஎல் வழியாகத்தான் சேர்க்கிறது. 3டி இல்லாத கார்டு என்றால் எல்எல்விஎம்பைப் அங்கேயும் வந்து உட்காரும், விசிறி அங்கேயும் இரையும். க்னோமை வைத்துக்கொண்டே செஷனை மட்டும் எக்ஸ்11-க்கு மாற்றியவர்கள் 'ஒண்ணும் மாறலையே' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இலகுவாக இருப்பது எக்ஸ்11 மேல் எக்ஸ்எஃப்சிஈ போன்ற, ஓபன்ஜிஎல் கேட்காத டெஸ்க்டாப்.

எக்ஸ்11-ஐ லினக்ஸில் நடத்தும் எக்ஸ்ஆர்க் சர்வரில் இதற்காகவே ஒரு நல்ல குணம் இருக்கிறது. அதன் மோட்செட்டிங் டிரைவர் வழக்கமாக இருபரிமாண வேலையை கிளாமர் என்ற பகுதி மூலம் ஓபன்ஜிஎல்லில் செய்யும். ஆனால் கீழே இருப்பது எல்எல்விஎம்பைப் என்று தெரிந்தால் கிளாமரை ஏற்க மறுத்துவிடும். அதன் லாக் கோப்பில் அப்படி மறுத்த வரியைப் பார்க்கலாம். உடனே பிக்ஸ்மன் நூலகத்துக்கு மாறி, சதுரத்தைச் சதுரமாகவும் எழுத்தை எழுத்தாகவும் சிபியுவிலேயே எளிமையாக வரைந்துவிடும். மாறாத இடத்தைத் தொடவே தொடாது. ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து இருக்கும் சிறு கட்டம் மட்டும் மாறுகிறது. 2 ஜிபி ரேம் கொடுத்த விஎம்மில்கூட எக்ஸ்எஃப்சிஈ சுறுசுறுப்பாக இருப்பது இதனால்தான்.

வேலேண்டிலும் இந்தப் பாதை இல்லாமல் இல்லை. டபிள்யுஎல்ரூட்ஸ் நூலகத்தின் மேல் கட்டிய ஸ்வே, லேப்டபிள்யுசி போன்ற காம்பாசிட்டர்களை ஒரு சூழல் மாறி (environment variable) வைத்து பிக்ஸ்மன் ரெண்டரருக்கு மாற்றலாம். மாற்றினால் 3டி இல்லாத கார்டிலும் வேலேண்ட் நன்றாகவே ஓடுகிறது. கட்டளை வரியில் பழகியவர்களுக்கு இதையும் ஒரு தேர்வாகச் சொல்வேன். முதல் வாரம் வகுப்புக்கு வரும் மாணவருக்குச் சொல்ல மாட்டேன்.

3டி இருக்கும் கார்டில் நிலைமை தலைகீழ். அங்கே வேலேண்ட்தான் அழகு. கிழிசல் இல்லை, விர்ட்-மேனேஜர் விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் கெஸ்ட்டின் திரையும் கூடவே வளர்கிறது, புள்ளி அடர்ந்த (ஹைடிபிஐ) திரைகளில் அளவுகள் ஒழுங்காக நிற்கின்றன. எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே வருகிறது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ்11 செஷன் இல்லை, ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் எக்ஸ்ஆர்க் சர்வரே இல்லை. பழைய எக்ஸ் நிரல்களை வேலேண்டுக்குள் ஓட்ட இரண்டிலும் எக்ஸ்வேலேண்ட் இருக்கிறது. இன்று பயிற்சிக்கு ஒரு படிமம் தயாரித்து மூன்று ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி வேலேண்டுக்கு வாதாடுபவர்கள் உண்டு. எக்ஸ்11-இல் ஒரு நிரல் இன்னொரு நிரலில் தட்டும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும் என்பது உண்மை. சொந்தக் கணினியில் எனக்கு அது பெரிய விஷயம். ஒரே ஒரு வேலைக்காக வைத்திருக்கும் விஎம்மில் அவ்வளவு இல்லை, வேலியை விஎம்மே போட்டுவிட்டது.

நாள்தோறும் கையைக் கடிக்கும் சின்ன விஷயங்கள் வேறு. முதலாவது மவுஸ் கர்சர். விஎம்மில் கர்சரைப் பெரும்பாலும் ஹோஸ்ட்தான் வரைகிறது, அப்போதுதான் கை நகர்ந்ததும் அம்பு நகரும். அதற்குக் கர்சரின் படத்தோடு, அந்தப் படத்தில் எந்தப் புள்ளி 'முனை' என்பதும் ஹோஸ்டுக்குத் தெரிய வேண்டும். வேலேண்ட் காம்பாசிட்டர்கள் பயன்படுத்தும் புதிய கெர்னல் இடைமுகத்தில் இந்த முனைத் தகவலுக்கு நெடுநாள் இடமே இல்லை. பட்டனின் மேல் வைத்துக் கிளிக் செய்தால் நாலு புள்ளி தள்ளி விழும், அல்லது கர்சரே காணாமல் போகும். பிறகு கெர்னலிலேயே அதற்கு வழி சேர்த்தார்கள். பழைய கெஸ்ட்டில் இந்தத் தொல்லை வந்தால் ஹார்டுவேர் கர்சரை அணைத்துவிடுங்கள், காம்பாசிட்டரே வரைந்துகொள்ளும். இரண்டாவது காப்பி-பேஸ்ட். கெஸ்ட்டில் ஓடி இதைக் கடத்தும் ஸ்பைஸின் ஏஜென்ட் எக்ஸ்11-ஐ நம்பி எழுதியது. க்னோம் வேலேண்டில் எக்ஸ்வேலேண்ட் வழியாகச் சமாளித்துவிடுகிறது, ஸ்வே போன்றவற்றில் அப்படி எதிர்பார்க்க முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.1-இல்தான் வேலேண்ட் கிளிப்போர்டு வந்தது. நாள் முழுக்க ஹோஸ்டிலிருந்து கெஸ்ட்டுக்கு நிரல் துண்டுகளை ஒட்டுபவர் என்றால், மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. விசைப்பலகை அமைப்பைக் கெஸ்ட்டுக்குள்தான் வைக்க வேண்டும். ஸ்பைஸ் உள்ளே அனுப்புவது எந்த விசையைத் தட்டினீர்கள் என்பதை மட்டும்தான், எந்த எழுத்து என்பதை அல்ல. எக்ஸ்11-இல் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை ஒரு வரியில் தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவந்துவிடும். வேலேண்டில் அந்தக் கட்டளை பலிக்காது, டெஸ்க்டாப்பின் அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்க வேண்டும். ஒரு முறை சேர்த்துவிட்டால் அப்புறம் வித்தியாசம் தெரியாது.

கெஸ்ட்டில் டிஸ்ப்ளே சர்வரே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஓரிரண்டு நிரல்கள் மட்டும் போதும் என்றால் தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சின் எக்ஸ் ஃபார்வர்டிங்கோ வேலேண்டுக்கான வேபைப்போ அந்த விண்டோவை மட்டும் ஹோஸ்டின் திரைக்குக் கொண்டுவந்துவிடும். டெஸ்க்டாப்புக்கு ஆகும் ரேம் மிச்சம். குரோம்புக்கில் லினக்ஸ் நிரல்கள் மற்ற விண்டோக்களோடு கலந்து தெரிவது இதே யோசனைதான்: விஎம்முக்குள் சொமேலியே என்ற சிறு காம்பாசிட்டர் இருந்துகொண்டு ஒவ்வொரு விண்டோவையும் வெளியே தள்ளுகிறது. என் சொந்த வேலைக்கு இப்போது பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உண்மையான கார்டையே விஎம்முக்குத் தூக்கிக் கொடுக்கும் பாஸ்த்ரூ இந்தக் கட்டுரைக்கு வெளியே. இரண்டாவது கார்டு, அதை விஎம்முக்குப் பிரித்துக் கொடுக்க உதவும் ஐஓஎம்எம்யு, ஒரு வார இறுதி முழுக்க நேரம் மூன்றும் வேண்டும். கிடைக்கும் வேகத்துக்கு ஈடு இல்லை, வகுப்பறைக்குத் தேவையும் இல்லை.

தம்பியின் கூடத்துக்கு வருகிறேன். விர்ட்-மேனேஜரில் மூன்றே மாற்றங்கள். வீடியோ பகுதியில் 3டி டிக், ஸ்பைஸ் பகுதியில் ஓபன்ஜிஎல் டிக், அதே இடத்தில் பிணைய இணைப்புக்குக் காத்திருப்பதை (லிசன்) 'இல்லை' என்று வைப்பது. மூன்றாவதை மறந்தால் விஎம் தொடங்கவே மறுக்கலாம், பலர் இங்கே மாட்டிக்கொண்டு முதல் டிக்கையும் எடுத்துவிடுகிறார்கள். பத்தொன்பது கணினிகளில் க்னோமை வேலேண்டிலேயே விட்டோம், எந்த செஷனையும் மாற்றவில்லை. ஆசிரியர் மேசையில் இருந்த இருபதாவது கணினியில் மட்டும், மூல நிரல் வெளியிடாத மூடிய டிரைவரோடு, கூடுதலாக ஒரு தனி கார்டு இருந்தது. அங்கே ஓபன்ஜிஎல் டிக் போட்டால் திரை வரவே இல்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு இரண்டு டிக்கையும் எடுத்து, கெஸ்ட்டில் எக்ஸ்11 மேல் எக்ஸ்எஃப்சிஈ நிறுவினோம். அது மற்ற பத்தொன்பதைவிடக் குறைவான ரேமில் ஓடுகிறது.

அன்று சாயங்காலமே அவர் ஒரு படம் அனுப்பினார். ஓபன்ஜிஎல் ரெண்டரர் வரியில் இப்போது 'விர்ஜிஎல்' என்று இருந்தது, அடைப்புக்குறிக்குள் ஹோஸ்டின் இன்டெல் சிப் பெயர். டாப் பட்டியலில் க்னோம் ஷெல் நான்காவது இடத்துக்கு இறங்கியிருந்தது. மேலே முதல் வரியில் மாணவர் எழுதிய பைத்தான் நிரல்.